கல்லூரிப் பணம்: எங்கே இருக்கிறது, ஏன் கைக்கு வருவதில்லை?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் ஊர் வீடுகளில் ஒரு கணக்கு தொடங்குகிறது. அம்மாவின் வளையல் எத்தனை பவுன், கூட்டுறவுச் சங்கத்தில் இன்னும் எவ்வளவு எடுக்கலாம், மாமாவைக் கேட்டால் கொடுப்பாரா, மூன்று வட்டிக்குத் தருகிறவர் யார். இந்தக் கணக்கில் அரசுப் பணம் கடைசி வரியாகத்தான் எழுதப்படுகிறது. பல வீடுகளில் எழுதப்படுவதே இல்லை. நகை அடகுக் கடைக்குப் போன பிறகு, செமஸ்டர் ஃபீஸ் கட்டி முடித்த பிறகு, 'உனக்கு ஸ்காலர்ஷிப் வருமே, அப்ளை பண்ணலையா?' என்று யாரோ கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது தொடக்கூடிய அரசுப் பணம் கொஞ்சநஞ்சம் அல்ல. முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைகள், ஜாமீன் கேட்காத வங்கிக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி மானியம் என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கல்லூரி பார்த்திருந்தால் அந்த வாசல்கள் தெரிந்திருக்கும். முதன்முதலாக ஒரு பிள்ளையை அனுப்புகிற வீட்டுக்குத்தான் எதுவும் தெரியாது. யாருக்காக இந்தத் திட்டங்கள் எழுதப்பட்டனவோ அவர்களே அதிகம் இழக்கிறார்கள் என்பதுதான் இதில் பெரிய அநியாயம்.

இழப்பு எந்தெந்த இடத்தில் நடக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். முதல் இழப்பு வங்கிக்குப் போவதற்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது.

சீட் எந்த வழியில் வந்தது?

மார்ச், ஏப்ரலிலேயே கல்லூரி ஏஜென்ட்டுகள் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். 'கவுன்சலிங் வரைக்கும் காத்திருந்தா நல்ல குரூப் போயிடும், இப்பவே பத்தாயிரம் கட்டி சீட்டைப் பிடிச்சு வையுங்க' என்பார்கள். பயந்த அப்பா கட்டிவிடுவார். பிள்ளை மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிடும். அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவு கவுன்சலிங்கில் கிடைத்திருக்கும் என்பது செப்டம்பரில்தான் தெரியவரும்.

இந்த அவசரத்தின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் பட்டதாரி சலுகை 2010-ல் வந்தது. வீட்டில் பட்டதாரி யாரும் இல்லாத குடும்பத்தின் ஒரு பிள்ளைக்கு, ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேர்ந்தால், பயிற்றுக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் அது ஆண்டுக்கு 25,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். சாதி, வருமான வரம்பு எதுவும் இதற்குக் கிடையாது. ஒரே நிபந்தனை, கவுன்சலிங் வழியாக வந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்த நொடியில் அந்த லட்சம் போய்விடுகிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் பெரியது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளிலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதைவிடப் பெரிய கல்வி உதவி நாட்டில் அதிகம் இல்லை. தனியார் கல்லூரியின் வாசலில் இருபதாயிரம் முன்பணம் கட்டி ரசீது வாங்கிய மாணவிக்கு, தன் பெயரில் ஒரு முழுப் படிப்பே காத்திருந்தது என்பதை யார் சொல்வது? பிளஸ் டூ வகுப்பு ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் சொல்கிறார்கள். சொல்லாத பள்ளிகளும் இருக்கின்றன.

இன்னொரு கேள்வியையும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நாக் அங்கீகாரம் இருக்கிறதா, பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? விளம்பரப் பலகையில் போட்டுக்கொள்ளும் பெருமை என்று பெற்றோர் இதைக் கடந்து போகிறார்கள். மத்திய அரசின் வட்டி மானியம் இந்த அங்கீகாரத்தை வைத்துத்தான் முடிவாகிறது. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் கடன் கிடைக்கலாம், மானியம் கிடைக்காது. அந்த வித்தியாசம் லட்சக்கணக்கில் போகும் என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

தங்கம் படிப்பாக மாறிய கதை

சில திட்டங்களின் வரலாறே ஒரு சமூகத்தின் மனமாற்றத்தைச் சொல்லும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கிய திட்டம் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி தந்தது. பின்னாளில் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5-ல் அதே அம்மையாரின் பெயரில் அந்தப் பணம் உயர்கல்விப் பக்கம் திரும்பியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பட்டப்படிப்போ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால் படித்து முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுதான் புதுமைப் பெண். 2024 ஆகஸ்ட் 9-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதற்குள் வருகிறார்கள்.

மாதம் ஆயிரத்தில் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையின் செலவை அறியாதவர்கள். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், மதியச் சாப்பாடு, மாதவிடாய் நாட்களின் செலவு எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை. பெண் பிள்ளையின் பெயரில் மாதாமாதம் பணம் வருகிறது என்பதே 'போதும் படிச்சது' என்ற பேச்சைச் சில வீடுகளில் தள்ளிப் போடுகிறது. இந்த ஆயிரத்தை நான் மிகப் பெரிய பணமாகப் பார்க்கிறேன்.

இந்தப் பணம் தடைபடும் இடம் எப்போதும் ஒன்றுதான். வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுத்திருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்குக் கணக்கில் ஆதார் சீடிங் ஆகியிருக்க வேண்டும். கே.ஒய்.சி.க்காக ஆதார் நகல் கொடுத்தது வேறு, இது வேறு. இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆனதோ அதற்குத்தான் பணம் போகும். உதவித்தொகை வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்தில் நிற்பதற்கு முன் வங்கியில் இதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

1944-லிருந்து வரும் உதவி

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலம் அது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், திரும்பச் செலுத்த வேண்டிய வைப்புத் தொகைகள் தவிர, கட்டாயக் கட்டணங்களும் பராமரிப்புப் படியும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் 2012-ல் வந்த 92-ம் எண் அரசாணை, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசு ஏற்பதற்கு வழி செய்தது. இன்றைக்கும் சேரிகளில் '92 ஜி.ஓ.' என்றால் புரியும். அந்த அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகங்களில் வாதாடிய மாணவர் அமைப்புகள் பல.

பிரச்சினை காலதாமதம். கல்லூரி ஜூலையில் ஃபீஸ் கேட்கிறது, அரசுப் பணம் பல மாதம் கழித்து வருகிறது. நடுவில் 'கட்டினால்தான் ஹால் டிக்கெட்' என்ற மிரட்டல். 2020 டிசம்பரில் மத்திய அரசு இந்தத் திட்டத்தின் செலவை 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு என்று மாற்றியது. மத்திய அரசின் பங்கு மாணவரின் கணக்குக்கே நேராக வரும்படி ஆனது. கட்டணம் கட்டாமலே சேர்க்கை பெற 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடும் புதிய வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. அதாவது விதிப்படி, தகுதியுள்ள மாணவரிடம் முன்பணம் கேட்டுக் கல்லூரி வாசலில் நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தினால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நேரில் பேசிவிட்டு வருவது பயன்படாது, எழுதிக் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்க வேண்டும்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இன்னும் சில உண்டு. பிளஸ் டூவில் தன் வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவருக்குப் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்கு இது புதிதாகக் கிடைக்கிறது. தொழில்நுட்பப் படிப்புச் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு எட்டு லட்சம் என்பதால் நடுத்தரக் குடும்பப் பெண்களும் இதற்குள் வருவார்கள். ஒரு நேரத்தில் ஒரு உதவித்தொகைதான் வாங்க முடியும் என்று பல திட்டங்களில் நிபந்தனை உண்டு. அதனால் கிடைத்ததற்கெல்லாம் போடாமல், எது பெரியது என்று பார்த்துப் போடுவது நல்லது.

வங்கி மேசையில்

உதவித்தொகை போதாதபோதுதான் கடன். கல்விக் கடனில் தமிழ்நாடும் கேரளமும் நெடுங்காலமாக முன்வரிசையில் இருப்பவை. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பல முறை திருத்தப்பட்டாலும் அடிப்படை விதிகள் மாறவில்லை. நான்கு லட்சம் வரை எந்தச் சொத்து ஈடும் கேட்கக் கூடாது, வெளியார் ஜாமீனும் கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். நான்கு லட்சம் வரை கையிலிருந்து முன்பணமும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை கொடுக்கும் கடனுக்கு 2015 முதல் மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. மாணவர் கட்டாமல் போனால் நிலுவையில் முக்கால் பங்கை அந்த நிதி வங்கிக்கு ஈடுகட்டும்.

விதி இப்படி இருக்க, கிளைகளில் கேட்கும் பதில்கள் வேறு மாதிரி.

'உங்க ஊரு எங்க ஏரியா இல்ல.' இந்தப் பதில் தவறு. சர்வீஸ் ஏரியா என்ற காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது.

'வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க.' நான்கு லட்சத்துக்குக் கீழே என்றால் இதுவும் தவறு.

'அப்பா சிபில் சரியில்ல.' இது கொஞ்சம் சிக்கலானது. பெற்றோர் இணைக் கடனாளி என்பதால் வங்கி அவர்களுடைய பழைய கடன்களைப் பார்க்கத்தான் செய்யும். ஆனால் கல்விக் கடனின் அடிப்படையே மாணவரின் எதிர்கால வருமானம்தான். சிபில் புள்ளி குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் ஒரு வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டு வங்கிகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், மறுப்பை எதிர்த்து வாதாட ஒரு பிடி கிடைக்கிறது.

'அப்புறம் வாங்க' என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான பதில். இதில் மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. விண்ணப்பம் வாங்கியதற்கு அத்தாட்சியும் இல்லை. மறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் மேலே போகலாம், 'அப்புறம் வாங்க' என்றால் எங்கே போவது? இதற்காகவே 2015 ஆகஸ்ட் 15-ல் வித்யாலட்சுமி இணையதளம் தொடங்கப்பட்டது. ஒரே படிவத்தை நிரப்பி மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். அனுப்பிய தேதி பதிவாகிவிடும். விண்ணப்பத்தை 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தை எழுதி மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மாதிரித் திட்டத்தின் விதி. எனவே கிளைக்குப் போகும் முன் இணையத்தில் பதிந்துவிடுங்கள். பதிவு எண்ணோடு போகிறவரிடம் மேனேஜர் பேசும் விதமே வேறு.

கையில் இருக்க வேண்டிய தாள்களைச் சொல்லிவிடுகிறேன். கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஃபீஸ் ஸ்ட்ரக்சர், பத்தாம் வகுப்பு மற்றும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாணவர், பெற்றோர் இருவரின் ஆதார், பான், இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பெற்ற வருமானச் சான்றிதழ். ஃபீஸ் ஸ்ட்ரக்சரில் விடுதி, சாப்பாடு, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். பயிற்றுக் கட்டணத்தை மட்டும் எழுதி வாங்கிப் போனால் கடனும் அந்த அளவோடு நின்றுவிடும். வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரி சான்றிதழையும் ரிசல்ட் வரும் முன்பே, ஏப்ரல், மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். ஜூன், ஜூலையில் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையிலும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

வங்கி விதியை மீறினால் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். மாவட்ட ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமில் மனு கொடுக்கலாம். வங்கிக்கு எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அலுவலரிடம் இணையத்தில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வங்கியின் முடிவுக்குள் அவர் போகமாட்டார். விதிமீறல், காரணமில்லாத தாமதம், பதிலே தராமல் இழுத்தடிப்பது ஆகியவற்றை விசாரிப்பார். மதுரையில் மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் கல்விக் கடன் முகாம்களை ஒரு இயக்கமாகவே நடத்தியதைப் பலர் அறிவார்கள். அரசும் வங்கியும் கல்லூரியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் பல மாதம் அலைந்த வேலை ஒரு நாளில் முடிகிறது. இதை மாவட்டந்தோறும் ஆண்டுதோறும் தவறாமல் நடத்த வேண்டும். ஒரு மக்கள் பிரதிநிதியின் தனி அக்கறையை நம்பி இது இருக்கக் கூடாது.

யாரும் பேசாத வட்டி

இனி கணக்கு. நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சம் என்று நான்கு லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். இந்த ஐந்து ஆண்டில் வட்டி தனி வட்டியாக ஏறிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. மொத்தம் 1,40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 7,100 ரூபாய். வட்டி ஏறாமல் நான்கு லட்சமாகவே நின்றிருந்தால் சுமார் 5,300. புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளையின் சம்பளத்தில் மாதம் 1,800 என்பது எவ்வளவு என்று யோசியுங்கள். பத்தாண்டில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்த 1,40,000 ரூபாயை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் தொழில் அல்லது தொழில்நுட்பப் படிப்பு என்றால், படிப்புக் காலமும் கூடுதல் ஓராண்டுமான முழு வட்டியும் மானியம். இளநிலை, முதுநிலை இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு ஒரே முறை கிடைக்கும். படிப்பைப் பாதியில் விட்டால் இல்லை.

பல குடும்பங்கள் இதை இழப்பது தகுதியில்லாமல் அல்ல. வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்திருக்கமாட்டார்கள். கொடுத்திருந்தாலும் கிளை அந்தக் கணக்கை மானியப் பட்டியலில் ஏற்றியிருக்காது. ஐந்தாவது ஆண்டு முடிவில் தவணைக் கடிதம் வரும்போதுதான் தெரியும். அப்போது பழைய ஆண்டுகளின் மானியத்தைத் திரும்பக் கேட்பது மிகக் கடினம். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி, மானியம் வரவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அந்த ஆண்டே எழுதிக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை வெட்டி எடுத்து வைப்பதாக இருந்தால் இந்தப் பத்தியை எடுத்து வையுங்கள்.

மானியத் தகுதி இல்லாதவர்களும் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவருவது நல்லது. முதல் ஆண்டில் அது மாதம் 833 ரூபாய்தான். படிப்புக் காலத்தில் வட்டியைக் கட்டிவருகிறவருக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்க மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலட்சுமி என்ற புதிய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறவில்லை என்றால், பத்து லட்சம் வரையான கடனுக்கு மூன்று சதவீத வட்டிச் சலுகை. ஜாமீனும் ஈடும் வேண்டாம். 2030-31 வரை 3,600 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேசியத் தரவரிசையில் மேலே உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்குத்தான் இது. தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் பட்டியலில் இருந்தன. ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் போகிற பிள்ளைக்கு வங்கிகள் ஏற்கெனவே வாசலில் வந்து கடன் தருகின்றன. தாலுகா தலைநகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரக் கல்லூரியில் சேரும் பிள்ளைதான் வங்கியில் கால் கடுக்க நிற்கிறது. புதிய திட்டம் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தரமான கல்லூரியை ஊக்குவிப்பது சரியான நோக்கம்தான், ஆனால் கல்லூரியின் தரக்குறைவுக்கு மாணவரைத் தண்டிப்பது எப்படிச் சரியாகும்?

வேலை கிடைக்காவிட்டால்?

எல்லாப் பெற்றோரின் மனதிலும் இருக்கும் பயம் இது. பொறியியல் முடித்துவிட்டு மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் எல்லோர் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களால் தவணை கட்ட முடியாமல் போனபோது என்ன நடந்தது என்பதை நாம் பார்த்தோம். 2016-ல் பொதுத்துறை வங்கிக் கல்விக் கடன்கள் தனியார் சொத்து மீட்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, வசூல் ஆட்கள் மாணவர் வீடுகளுக்குப் போன் போட்டபோது தமிழ்நாடே கொந்தளித்தது. கடன் தள்ளுபடி அதன் பிறகு தேர்தல்தோறும் பேசப்படுகிறது. வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்திவைத்தவர்களின் கடன்தான் வட்டியோடு வளர்ந்து, சிபிலும் கெட்டு, அடுத்து வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்கும்போது வந்து நிற்கிறது.

மாதிரித் திட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. தவணைக் காலம் 15 ஆண்டு வரை நீளலாம். முதல் ஆண்டுகளில் குறைந்த தவணையும் சம்பளம் கூடக் கூடப் பெரிய தவணையுமாக அமைத்துக்கொள்ளலாம். வேலை இல்லாமல் போன காலத்துக்கும் மிகக் குறைந்த வருமானத்தில் இருந்த காலத்துக்கும் கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணை விலக்கு தரவும் வங்கிக்கு இடம் உண்டு. தவணை தவறி மூன்று மாதம் ஆகிவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன் பிறகு இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடும். முதல் தவணை தவறும் முன்பே, வேலை இல்லை என்றோ சம்பளம் இவ்வளவுதான் என்றோ எழுதி, சம்பளச் சீட்டு இருந்தால் இணைத்து, தவணையை மாற்றியமைக்கக் கேட்டு கிளைக்கு மனுக் கொடுங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.